கழித்தபின் மிஞ்சும் ஒளி



இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரை உங்களில் பலருக்கு நேரில் தெரிந்திருக்கும். ஸ்டூடியோ வைத்திருந்தவர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், பிள்ளைக்கு மொட்டையடித்த படம் மூன்றுமே அவர் கையால் கழுவிப் போட்டதாக இருக்கும். எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது ஒரு கெட்டுப்போன பிலிம் சுருளால்.

1985 டிசம்பர். ஹாலி வால்நட்சத்திரம் வந்துகொண்டிருந்தது. பத்திரிகைகளில் அதே பேச்சு. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் வால்நட்சத்திரத்தைத் தேட, எனக்கோ ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு நீளத் திருகாணி. இவ்வளவுதான் கருவி. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகத் திருகாணியைக் கையால் முடுக்கிக்கொண்டே இருந்தால், மேல்பலகையில் கட்டிய காமிரா நட்சத்திரத்தோடு கூடவே நகரும். வாடகை வீட்டு மொட்டைமாடியில், கடன் வாங்கிய காமிராவில், இருபது நிமிஷம் முடுக்கினேன். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனால், பெரியவர் நெகடிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே மங்கல். “தம்பி, நீங்க எடுத்தது வானத்தை இல்ல, மைசூரை” என்றார்.

தெருவிளக்கு வெளிச்சம் மேலே போய், தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி, என் பிலிமை நிரப்பியிருந்தது. நான் முகம் தொங்கிப்போய் நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, “உள்ள வாங்க” என்று இருட்டறைக்குக் கூட்டிப்போனார். சிவப்பு விளக்கு. ஹைப்போ வாடை. நெகடிவை என்லார்ஜரில் மாட்டி, ஹார்ட் பேப்பர் வைத்து, வழக்கத்தைவிட நிறைய நேரம் வெளிச்சம் காட்டினார். பேப்பரை டெவலப்பரில் போட்டு ஆட்டினார். சாம்பலாக இருந்திருக்க வேண்டிய வானம் கறுத்துக்கொண்டே போயிற்று. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு சீரகம் அளவுக்கு, சாய்ந்தாற்போல, ஒரு வெளுப்பு நின்றது. அந்தச் சீரகத்திலிருந்து ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

அவர் செய்தது கழித்தல். படம் முழுக்க ஒரே அளவாகப் படிந்திருந்த மைசூரை எடுத்துப் போட்டார், மிஞ்சியது ஆண்ட்ரோமெடா. உலகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் இன்று நடப்பதும் இதேதான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தூரத்து கேலக்ஸியைப் படம் எடுப்பது என்றால், பெரிய கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்துவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பொத்தானை அழுத்துவது அதில் மிகச் சின்ன வேலை. கேலக்ஸிக்குச் சொந்தமில்லாத ஒளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கழிப்பதுதான் வேலை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் ‘விண்மீன் திரள்’ என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் என் மாணவர்கள் யாரும் வகுப்புக்கு வெளியே ‘விண்மீன் திரள்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே கேலக்ஸி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். கோபிப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கோபிக்கலாம்.

மைசூரிலிருந்து கேலக்ஸிக்குப் போகிற வழி ஆலங்காயம். சிரிக்காதீர்கள். பெங்களூர் தாண்டி, வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. அங்கே வானாய்வகம் அமைத்தவர் வைணு பாப்பு. சென்னையில் 1927-ல் பிறந்தவர், தலைச்சேரிக் குடும்பம். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. பையன் தொலைநோக்கி நிழலிலேயே வளர்ந்தான். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலையில், தாம் எடுத்த ஒரு கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தவர் அதில் இருக்கக்கூடாத ஒரு கீற்று இருப்பதைக் கவனித்தார். வால்நட்சத்திரம்! அது பாப்பு–பாக்–நியூகிர்க் என்று மூன்று பேர் பெயரோடு பதிவாயிற்று. ஆக, அவருக்குப் புகழ் கொடுத்த முதல் காரியமே ஒரு படத்தைச் சரியாகப் பார்த்தது.

அப்புறம் பாலோமரில் அன்று உலகத்திலேயே பெரியதாக இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி இருந்த இடத்தில் ஆய்வு செய்தார். அந்த மாதிரி ஒன்றைப் பார்த்தவருக்கு ஊர் திரும்பியதும் கை சும்மா இருக்குமா? 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். ராத்திரி வேலைக்கு மேகம் விடாது. தென்னாட்டு மலைகளில் இடம் தேடிக் காவலூரைப் பிடித்தார். 1968-ல் சொந்தப் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் ஜைஸ் தொலைநோக்கி. யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த கருவிகளில் இந்த ஒரு மீட்டரும் உண்டு.

அவர் ஆசை அதற்கும் மேலே. இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே தேய்த்த ஒரு பெரிய தொலைநோக்கி. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி. மூலக்கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து உருக்கொடுத்தது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். இந்தத் தேய்க்கிற வேலையைப் பற்றி நான் மணிக்கணக்காகப் பேசுவேன், இன்று நேரமில்லை. ஒன்று மட்டும். நல்ல வானியல் கண்ணாடி என்றால், அதன் முகத்தில் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மேடுபள்ளம் அனுமதி. கையைப் போட்டுத் தடவிப் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை. தேய்த்தால் சூடேறும், சூடேறினால் கண்ணாடி விரியும், ஆறும்வரை காத்திருந்து அளக்க வேண்டும், அளந்துவிட்டு மறுபடி கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

முடிந்த தொலைநோக்கியை பாப்பு பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் காலமானார், வயது 55. அப்போது அவர் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். அவருக்குப் பின் வந்த ஜே. சி. பட்டாச்சார்யா வேலையை முடித்தார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். நான் மொட்டைமாடியில் திருகாணி முடுக்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

காவலூரின் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி வடக்கு. மைசூர் பன்னிரண்டேகால். அங்கே தலைக்குமேல் வருகிற நட்சத்திரம் ஏறக்குறைய இங்கேயும் தலைக்குமேல் வருகிறது. நம் இரண்டு ஊருக்கும் ஒரே வானம்தான் வாய்த்திருக்கிறது. அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் இருட்டு.

சரி, 2.34 மீட்டர் கண்ணாடி என்ன செய்கிறது? பெரிதாக்கிக் காட்டுகிறது என்பார்கள். அது இரண்டாம்பட்சம். நம் கண்பாவை இருட்டில் விரிந்தால் 7 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடியின் பரப்பு சுமார் ஒரு லட்சம் மடங்கு. நம் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எரிகிற பல்புகளின் எண்ணிக்கையும் ஒரு லட்சத்தை ஒட்டித்தான். ஒரு பல்புக்குப் பதில் அரண்மனை முழுவதும் எரிந்தால் எப்படியோ, அவ்வளவு வித்தியாசம். அதோடு, கண் ஒளியைச் சேர்த்துவைக்காது. வந்ததை அப்போதைக்கு அப்போதே செலவழித்துவிடும். படத்தகடும், இன்று அதன் இடத்தில் இருக்கிற சி.சி.டி. என்ற சிலிக்கன் உணரியும் மணிக்கணக்கில் சேமிக்கும்.

ஆனால் பெரிய தொலைநோக்கி என்றால் பெரிய படம் என்று எண்ண வேண்டாம். பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் முழு நிலா ஆறரை சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். நிலாவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கே இருக்கிற தூரத்துக் கேலக்ஸி 2 மில்லிமீட்டர் அளவுக்கு விழும். ஆண்ட்ரோமெடாவோ ஆறு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நீளம். அது இந்தத் தொலைநோக்கியின் ஒரு படத்துக்குள் அடங்காது. அதை முழுசாக எடுக்க என் கடன் காமிராவே மேல்! பெரிய கண்ணாடி, சின்னச் சாளரம். ஆனால் அந்தச் சாளரத்துக்குள் ரொம்ப ஆழம்.

நான் மாணவர்களோடு காவலூருக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை மேகம். மூன்றாம் முறை ராத்திரி பதினொன்றுவரை வானம் கண்ணாடி மாதிரி இருந்து, பிறகு ஈரம் ஏறிவிட்டது. ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் கூரையை மூடிவிட வேண்டும். கண்ணாடி முகத்தில் பூசிய அலுமினியம் பனி பட்டால் கெடும். அங்கே வேலை செய்கிறவர்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதில்லை. டீ குடித்துவிட்டு ஈரமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திறந்தால் வேலை, மூடினால் காத்திருப்பு. பருவமழை மாதங்களில் முக்கால்வாசி காத்திருப்புதான்.

கூரை திறந்தபின் முதல் கஷ்டம் பூமி. அது நிற்காது. வானம் வினாடிக்கு 15 வில்வினாடி நகர்கிறது. ஒரு நவீன காமிராவின் ஒரு புள்ளி பார்ப்பது வானத்தில் 0.3 வில்வினாடி அகலம் என்று வைத்துக்கொண்டால், தொலைநோக்கி நின்றுவிட்டால் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நட்சத்திரம் அடுத்த புள்ளிக்குப் போய்விடும். ஆகவே பல டன் எடையுள்ள இயந்திரம் அரை மணி, ஒரு மணி நேரம் அந்த ஐம்பதில் ஒரு பங்குகூடப் பிசகாமல் பின்தொடர வேண்டும். பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துவைத்து, அது குறுக்குக்கம்பியை விட்டு நகரும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பார்கள். தகடு காலத்தில் இதைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்தார்கள். பாலோமரில் தொலைநோக்கியின் உச்சியில் தொங்கும் கூண்டுக்குள்ளேயே வானியலாளர் உட்கார்ந்துவிடுவார். குளிர்கால ராத்திரி முழுக்க இறங்க முடியாது.

கண்ணாடித் தகடு காலம் முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. அதைப் பற்றி ஏக்கப் பெருமூச்சு விடுகிறவன் இல்லை நான். தகட்டில் விழுகிற நூறு ஒளித்துகளில் இரண்டோ மூன்றோதான் பதியும், மற்றது வீண். சி.சி.டி.யில் எண்பது, தொண்ணூறு பதியும். ஆனாலும் ஒரு தகட்டுக்கு நான் தலைவணங்குவேன். 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனில், காவலூர்க் கண்ணாடியைவிடக் கொஞ்சமே பெரிய கண்ணாடியில், எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவை எடுத்த தகடு. புதிதாக வெடித்த நட்சத்திரம் என்று நினைத்து ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைக் குறித்தவர், பழைய தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதை அடித்துவிட்டு, ‘மாறும் நட்சத்திரம்’ என்பதன் சுருக்கத்தை எழுதி ஆச்சரியக்குறி போட்டார். சீராகக் கூடிக் குறையும் அந்த நட்சத்திரத்தைக் கொண்டு ஆண்ட்ரோமெடாவின் தூரத்தைக் கணக்கிட்டார். அவர் சொன்ன ஒன்பது லட்சம் ஒளியாண்டு பிற்பாடு 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. ஆனால் அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு கேலக்ஸி என்பது அந்த ஒரு தகட்டோடு முடிவாயிற்று.

இப்போது கணக்கு. நகைக்கடைக்குப் பழைய நகையைக் கொண்டுபோயிருப்பீர்கள். தராசில் வைத்ததும் வருகிற எடைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கல் எடை கழிப்பான், அரக்கு கழிப்பான், அழுக்கு கழிப்பான். மிஞ்சினதுதான் தங்கம். சி.சி.டி. தருகிற முதல் படமும் அப்படித்தான். அதில் கேலக்ஸியும் இருக்கிறது, கல்லும் அரக்கும் இருக்கிறது.

முதலில் தராசையே சோதிக்க வேண்டும். ஒளியே படாமல், நேரமே கொடுக்காமல் படித்தாலும் சி.சி.டி. ஒரு எண்ணைக் காட்டும். அது தராசின் பூஜ்யம். அதை எல்லாப் புள்ளியிலிருந்தும் கழிக்க வேண்டும். அடுத்தது சூடு. சிலிக்கன் தன் வெதுவெதுப்பாலேயே மின்னணுக்களை உதிர்க்கும். ஒளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் திரவ நைட்ரஜன் ஊற்றிப் பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். அதற்கடுத்தது, புள்ளிக்குப் புள்ளி உணர்திறன் வேறு. நடுவில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு வளைய நிழல். இதைப் பிடிக்க ஒரு அழகான வழி உண்டு. சூரியன் மறைந்து நட்சத்திரம் முளைப்பதற்குள் இருக்கிற சில நிமிஷங்களில், ஒன்றுமே இல்லாத அந்திவானத்தைப் படம் எடுப்பார்கள். ஒரே சீரான வெளிச்சத்தைக் காட்டினால் எந்தப் புள்ளி மந்தம், எந்தப் புள்ளி சுறுசுறுப்பு என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தால் கேலக்ஸிப் படத்தை வகுக்க வேண்டும். காவலூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஏன் அப்படிப் பரபரக்கிறார்கள் என்று முதல் தடவை எனக்குப் புரியவில்லை. அந்தி கொஞ்ச நேரம்தான். விட்டால் மறுநாள் விடியற்காலைவரை காத்திருக்க வேண்டும்.

பிறகு விண்கதிர். எங்கிருந்தோ பாய்ந்துவரும் துகள் சி.சி.டி.யில் குத்தி, நட்சத்திரம் மாதிரியே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். உயரம் கூடக் கூட இந்தத் தொல்லை கூடும். ஒரே நீளப் படத்துக்குப் பதிலாகப் பல சின்னப் படங்கள் எடுத்து அடுக்கிப் பார்த்தால், எல்லாப் படத்திலும் இருப்பது கேலக்ஸி, ஒன்றில் மட்டும் இருப்பது அந்நியன்.

இதெல்லாம் கல்லும் அரக்கும். எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரிய பாக்கி ஒன்று உண்டு: வானம். இருட்டு வானம் இருட்டாக இல்லை. நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜனும் சோடியமும் பகலில் வாங்கிய ஆற்றலை ராத்திரி முழுக்க மெல்ல ஒளியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. கோள்களுக்கு இடையே உள்ள தூசி சூரிய ஒளியைச் சிதறுகிறது. நல்ல மலை உச்சியில், அமாவாசையன்று, வானம் தரும் ஒளியை 100 என்று வைத்தால், ஒரு கேலக்ஸியின் விளிம்பு என்று வழக்கமாக அளக்கிற இடம் தருவது ஏறத்தாழ 10. அந்த விளிம்புக்கு வெளியே உள்ள பகுதி தருவது இரண்டும் ஒன்றும். அதாவது நாம் தேடுகிற பொருள், அதை மூடியிருக்கும் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு மங்கல்.

நூறு போனால் பத்து மிஞ்சும், கழித்துவிட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். ஒளி அப்படிச் சீராக வருவதில்லை. மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாமல் வரும். சராசரி 110 துகள் வர வேண்டிய இடத்தில் ஒரு தடவை 100 வரும், ஒரு தடவை 121 வரும். இந்த ஊசலாட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 110-க்குச் சுமார் 10. நீங்கள் தேடுகிற கேலக்ஸியும் 10. தள்ளாட்டத்தில் தங்கம் காணாமல் போயிற்று. நூறு மடங்கு ஒளி சேர்த்தால்? வானம் 10,000, கேலக்ஸி 1,000, ஊசலாட்டம் 105. இப்போது கேலக்ஸி நிமிர்ந்து நிற்கிறது. பெரிய கண்ணாடி எதற்கு, நீண்ட இரவு எதற்கு என்றால் இதற்கு. ஊர் வெளிச்சம் வந்து வானத்தை நான்கு மடங்கு வெளுக்க வைத்துவிட்டால், அதே தெளிவுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஒரு ராத்திரியில் முடிகிற படத்துக்கு நான்கு ராத்திரி. என் 1985 படம் ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு இந்த வர்க்கமூலம்தான் விடை.

இருட்டைத் தேடி நம்மவர்கள் மேலே மேலே போனார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. 2000 செப்டம்பரில் அதன் வழியே முதல் ஒளி வந்தது. காற்று நம் ஊரில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான், ஈரம் கிடையாது, ஆண்டில் சுமார் 260 இரவுகள் ஏதாவது வேலைக்கு உதவும். இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை. அதை இயக்குகிற அறை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் இருக்கிறது. ஹொசகோட்டையில் ஒருவர் விசையைத் தட்ட, செயற்கைக்கோள் வழியாகக் கட்டளை போய், லடாக் குளிரில் கூரை திறக்கிறது. வெளியே தோசைக்கடை, உள்ளே இமயமலை. இருட்டறையின் ஹைப்போ வாடை போய்விட்டதே என்று பெரியவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

2023 மே 19 அன்று ஜப்பானில் கோயிச்சி இதாகாகி என்ற ஆர்வலர், எம் 101 என்ற கேலக்ஸியில் புதிதாக ஒரு புள்ளியைப் பார்த்தார். சுமார் 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், சுருள்கையில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்திருந்தது. சூப்பர்நோவா 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர். செய்தி பரவியதும் உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் திரும்பின, ஹான்லேயும் திரும்பியது, மேலே நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் புறஊதாவில் பார்த்தது. எம் 101 வானத்தில் கிட்டத்தட்ட நிலா அளவு. ஹான்லே காமிராவின் சாளரமோ நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒன்று. ஆகவே கேலக்ஸியின் ஒரு துண்டுதான் படத்தில் விழும். அது போதும்.

இங்கேயும் கழித்தல் வருகிறது, வேறு மாதிரி. வெடித்த நட்சத்திரத்தின் ஒளியோடு அது இருக்கிற சுருள்கையின் ஒளியும் கலந்திருக்கும். பிரிப்பது எப்படி? வெடிப்பதற்கு முன் எடுத்த படத்தை, வெடித்தபின் எடுத்த படத்திலிருந்து புள்ளிக்குப் புள்ளி கழித்தால் கேலக்ஸி முழுசும் மறைந்து, புதிய நட்சத்திரம் மட்டும் தனியாக நிற்கும். பாடுபட்டு மீட்டெடுத்த கேலக்ஸியை இந்தத் தடவை அரக்கு என்று தள்ளிவிடுகிறோம்! எது தங்கம், எது அரக்கு என்பது கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. வெடித்த அந்த நட்சத்திரம் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்பதும் பழைய விண்வெளித் தொலைநோக்கிப் படங்களில் கிடைத்தது: தூசி போர்த்திய ஒரு சிவப்புப் பெருநட்சத்திரம். அந்தப் படங்களை எடுத்தபோது அந்தப் புள்ளியை யாரும் கேட்கவில்லை. பழைய படங்களைத் தூக்கிப்போடக் கூடாது என்று நான் எங்கே போனாலும் சொல்வதற்கு இதுதான் காரணம். கொடைக்கானலில் 1904 தொடங்கிச் சூரியனை எடுத்த தகடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துச் சூரியன் அலமாரியில் இருக்கிறது. அதை வைத்திருந்தவர்களுக்குக் கோடி கும்பிடு.

நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும், பள்ளிக்கூடங்களில் முதல் கேள்வியே இதுதான்: “சார், அந்தக் கலர் நிஜமா?” சி.சி.டி.க்கு நிறம் தெரியாது. நீல வடிகட்டி போட்டு ஒரு படம், பச்சை போட்டு ஒன்று, சிவப்பு போட்டு ஒன்று, பிறகு மூன்றையும் அடுக்குவார்கள். சுருள்கை நீலமாக இருப்பது நிஜம். அங்கே இளம் நட்சத்திரங்கள் சூடாக எரிகின்றன. நடுவே மஞ்சளாக இருப்பதும் நிஜம். அங்கே கிழட்டு நட்சத்திரங்கள். எவ்வளவு அழுத்தமான நீலம் என்பது அச்சுக்குத் தயார் செய்கிறவர் கையில் இருக்கிறது. ஸ்டூடியோவில் மணப்பெண் முகத்துக்குக் கொஞ்சம் வெளுப்புக் கூட்டுவதில்லையா? அந்த அளவு. ஆனால் இந்தப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் ஏமாந்துபோகிறார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத்துணுக்கு தெரியும். “இவ்வளவுதானா” என்று என்னிடம் கேட்ட பெற்றோர்களை எண்ணி முடியாது. குழந்தைகள் அப்படிக் கேட்பதில்லை. இன்னொரு தடவை பார்க்கலாமா என்றுதான் கேட்கும்.

நம் ஊருக்கு வருகிறேன். சாமுண்டி மலையடிவாரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனமும் மைசூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைக்கும் காஸ்மாஸ் கோளரங்கத்துக்கு 2022-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அடிக்கல் நாட்டினார். நல்ல காரியம். குவிமாடத்துக்குள் எத்தனை கேலக்ஸி வேண்டுமானாலும் காட்டலாம். என் ஆசை, காட்சி முடிந்து வெளியே வருகிற பிள்ளை தலையைத் தூக்கினால் அங்கேயும் ஏதாவது தெரிய வேண்டும் என்பது. தசரா விளக்கை அணைக்கச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. அரண்மனை விளக்கு முக்கால் மணி நேரம் எரிந்து அணைந்துவிடுகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விடிய விடிய எரிகிற தெருவிளக்கும், கல்யாண மண்டப வாசலில் வானத்தைப் பார்த்து வைத்த பளீர் விளக்கும், காலி மனைக்குக் காவல் காக்கிற விளக்குமே என் கணக்கில் உள்ள வர்க்கமூலத்தை ஏற்றுகின்றன. ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே கிராமத்து வீடுகளில் விளக்குக்கு மூடி போட்டு ஒளியைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். நம்மாலும் முடியும். மாநகராட்சியில் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். கார்த்திகை மாத அமாவாசையன்று, மழை விட்டிருந்தால், ராத்திரி எட்டரை மணிக்கு ஊரைத் தாண்டி எச்.டி.கோட்டைப் பக்கம் போய் ஒரு வயல்வரப்பில் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் கொடுங்கள். அதுவரை கைப்பேசியை எடுக்காதீர்கள். பூரட்டாதி இரண்டும் உத்திரட்டாதி இரண்டுமாக நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரம் போட்டிருக்கும். உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து வடகிழக்கே, சற்றே மங்கலான ஒன்றைத் தாண்டி, பளிச்சென்ற அடுத்ததற்கு வாருங்கள். அங்கிருந்து வடமேற்கே திரும்பி இரண்டு மங்கல் நட்சத்திரம். இரண்டாவதற்குப் பக்கத்தில், நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால், சீரகம் மாதிரி ஒரு வெளுப்பு தெரியும்.